ஆறு ஆண்டுகள் தேர்வுக்கு வந்த இதயம்: கொழும்பில் நான்கு நாட்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொழும்பில் எந்தக் கடையில் கொத்து ரொட்டி நன்றாக இருக்கும் என்று தேடி இங்கே வந்திருந்தால், அதுவும் நடுவில் வரும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தப் பயணத்தில் எனக்கு விழுந்த அடி வேறு. வழக்கமான என் பதிவுகளைப் போலக் கலகலப்பாக எழுத மூன்று முறை உட்கார்ந்து பார்த்தேன், வரவில்லை.

தென் தமிழ்நாட்டில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவம் கற்பிக்கிறேன். இருபத்திரண்டு ஆண்டுகள். இறுதித் தேர்வு நடத்தும் குழுவிலும் இருக்கிறேன். சென்னையில் ஒரு கருத்தரங்கில் பழக்கமானவர் பேராசிரியை சிவமலர், கொழும்பில் ஒரு மருத்துவ பீடத்தில் இருப்பவர். அவர்கள் தங்கள் பாடத்திட்டத்தை மாற்றி எழுதுகிறார்கள் (அங்கே கலைத்திட்டம் என்கிறார்கள்). மாணவர்களும் ஆசிரியர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதுகிறார்கள், நீங்களும் வந்து ‘தேர்வு நோயாளிகள்’ பற்றி ஒரு மணி நேரம் பேசுங்கள் என்று அழைத்தார். ஆடி மாதம் நான்கு நாட்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

தேர்வு நோயாளி என்றால் என்னவென்று மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. மருத்துவ மாணவருக்கான தேர்வில் பொம்மையை வைத்துக் கேள்வி கேட்க முடியாது. உண்மையான நோயாளியைப் படுக்க வைத்து, “என்ன நோய், கண்டுபிடி” என்போம். நெஞ்சில் ஒலி தெளிவாகக் கேட்கும், வயிற்றில் கட்டி கைக்குத் தெளிவாக அகப்படும் என்றால் எங்கள் பாஷையில் அவர் ‘நல்ல கேஸ்’. அப்படிப்பட்டவர்களை வருடா வருடம் போன் போட்டு வரவழைப்போம். பஸ் காசும் மதியச் சாப்பாடும் உண்டு. பத்து மாணவர் பார்த்த பிறகு அவர்களுக்கே தங்கள் நோய் மனப்பாடமாகிவிடும். தடுமாறும் பிள்ளையின் காதில் விடையைக் கிசுகிசுப்பார்கள், நாங்கள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்போம். எங்கள் துறையில் நாற்பத்தொரு நல்ல கேஸ்களுக்கு நான் ஒரு பதிவேடு வைத்திருக்கிறேன். அதைக் காட்டிப் பெருமை அடித்துக்கொள்ளத்தான் போனேன் என்று ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

மதுரையிலிருந்து கொழும்புக்கு நேர் விமானம், ஒரு மணி நேரம்தான். போக வர பதினைந்தாயிரத்து நானூறு ரூபாய் ஆனது. இணையத்தில் பயண அனுமதி முன்பே வாங்கிவிட்டேன், கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வரிசை நகர்ந்தது. அங்கிருந்து நகருக்கு முப்பத்திரண்டு கிலோமீட்டர். டாக்ஸிக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள், சிரித்தபடி தாண்டிப் போய் 187 என்று போட்ட பஸ்ஸில் ஏறுங்கள். கோட்டையில் இறங்கி 100 எண் பஸ் பிடித்தால் காலி வீதி (காலி என்னும் ஊருக்குப் போகும் கடலோரச் சாலை) வழியே வெள்ளவத்தை. மதியம் ஒன்றே முக்காலுக்கு வெளியே வந்தவள், நான்கு மணிக்கு அறையில் காலை நீட்டிப் படுத்துவிட்டேன்.

அறை வாடகை இரவுக்கு ஏழாயிரத்து ஐந்நூறு இலங்கை ரூபாய். கடலுக்குப் போகும் ஒழுங்கை (சந்து) ஒன்றில், மூன்றாவது மாடி. ரயில் போனால் கட்டில் லேசாக அதிரும். வெள்ளவத்தையில் தமிழில் பேசியே பிழைத்துவிடலாம். இடியப்பம், சொதி, சம்பல், பால் விடாத ஒரு பிளேன்டீ, எல்லாம் சேர்த்து அறுநூற்றைம்பது ரூபாய். அடுத்த நாள் கொத்து ரொட்டியும் சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது, உறைப்பு மட்டும் நம் ஊர் ஆட்களையும் அழவைக்கும்.

மறுநாள் காலை ஏழு ஐம்பதுக்கு 154 எண் பஸ் பிடித்து, பீடம் இருக்கும் பொரளையில் இறங்கினேன். அலுவலக நேரம், நாற்பது நிமிடம் பிடித்தது. கூட்டம் நடந்த மண்டபத்தில் ஆறு வட்ட மேசைகள். ஒவ்வொன்றிலும் நான்கு மாணவர், நான்கு ஆசிரியர். பெயர் அட்டையில் பட்டம் பதவி எதுவும் இல்லை. விதி ஒன்றே ஒன்று: எந்தப் பாடமானாலும் மாணவர் முதலில் பேசி முடிக்க வேண்டும், அதுவரை ஆசிரியர் வாயைத் திறக்கக் கூடாது. எங்கள் கல்லூரியில் நான் உள்ளே நுழைந்தால் பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள். இங்கே ஒரு பையன் என்னை நிமிர்ந்து பார்த்து, அந்தக் கதிரையில் (நாற்காலியில்) இருக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு எழுதுவதைத் தொடர்ந்தான். எனக்கு எரிச்சல் வந்தது. விருந்தாளியாயிற்றே என்று அடக்கிக்கொண்டேன்.

பதினொரு மணிக்கு என் முறை. பதிவேட்டைத் திரையில் போட்டேன். பெயர், வயது, ஊர், போன் எண், நோய், கண்டறிய வேண்டியவை, எந்தெந்த ஆண்டு வந்தார், எல்லாம் அழகாக. ஆசிரியர்கள் தலையாட்டிக் குறிப்பெடுத்தார்கள். கை தட்டினார்கள். மாணவர் பக்கம் ஒரு பெண் மட்டும் எழுந்தாள். துவாரகா, இறுதி ஆண்டு, வெள்ளவத்தைப் பிள்ளைதான்.

“மேடம், உங்கட லிஸ்ட் நல்லா இருக்கு. ஆனா ஒரு விசயம் அதில இல்லை. இவையளை ஆர் வைத்தியம் பாக்கினம்? கடைசியா எப்ப கிளினிக்குக்குப் போனவை?”

“அது புறநோயாளர் பிரிவில் இருக்கும். இது தேர்வுக்கான பதிவேடு” என்றேன், கொஞ்சம் சூடாகவே.

“எங்கட ஆக்களும் அப்பிடித்தான் நினைச்சவை” என்றாள். பிறகு தன் பேராசிரியை சிவமலரைப் பார்த்தாள். கையிலிருந்த பேனா மூடியைக் கழற்றிக் கழற்றிப் போட்டாள். “மேடம், நான் ஒண்டு சொல்லோணும். சொன்னா எனக்குப் பிரச்சினை வரும். பரவாயில்லை.”

அவள் சொன்னதை என் வார்த்தைகளில் சுருக்கிச் சொல்கிறேன். அந்த பீடத்தில் மூத்த மாணவர்கள் ஒரு கொப்பி (நம் ஊர் நோட்டு) வைத்திருக்கிறார்கள். தேர்வுக்கு வழக்கமாக வரும் நோயாளிகளின் பெயரும் அவரவர் விடையும் அதில் இருக்கும். வருடா வருடம் கைமாறும். அதில் ‘சந்தனம் அங்கிள்’ என்று ஒருவர்: இதயத்தில் மைட்ரல் வால்வு சுருங்கியிருக்கிறது, நாடி சீராக ஓடும். போன தேர்வில் துவாரகாவுக்கு வாய்த்தவர் அவர்தான். மணிக்கட்டைப் பேருக்குத் தொட்டுவிட்டு, நாடி சீராக இருக்கிறது என்று கொப்பியில் இருந்ததை ஒப்பித்தாள். பெயில். ஏனென்றால் நாடி சீராக இல்லை.

“திரும்பப் பரீட்சைக்குப் படிக்கேக்க, கொப்பி பிழை எண்டு எனக்கு விசர் வந்திட்டுது. மூண்டு கிழமைக்கு முதல் அந்த மனிசனோட சண்டை பிடிக்கத்தான் கொட்டாஞ்சேனைக்குப் போனனான். எப்ப இருந்து இப்பிடி, கிளினிக் கொப்பியைக் காட்டுங்கோ எண்டு கேட்டன். அவரிட்டக் கிளினிக் கொப்பியே இல்லை மேடம். ஆறு வருசமா எந்தக் கிளினிக்குக்கும் போகேல்லை. போங்கோ எண்டு கெஞ்சினன். ‘அடுத்த மாசம் பரீட்சை வருதே, அப்ப பாப்பாங்க’ எண்டு சொல்லுறார்.”

ரகசியக் கொப்பியைப் போட்டு உடைத்துவிட்டாளே என்று அவள் தோழர்களே முறைத்தார்கள். சிவமலர் மட்டும் மெதுவாக, “நாளைக்குக் காலமை எங்களைக் கூட்டிக்கொண்டு போறியா?” என்று கேட்டார்.

நாடி விஷயம் ஏன் பெரிது என்று கேட்பீர்கள். வால்வு சுருங்கிய இதயத்தில் நாடி தாறுமாறாக ஓட ஆரம்பித்தால் உள்ளே ரத்தம் உறையலாம். உறைந்த துணுக்கு ஒன்று மூளைக்குப் போனால் ஒரு பக்கம் விழுந்துவிடும், அல்லது ஆளே போய்விடுவார். அதைத் தடுக்க அன்றாடம் மாத்திரை வேண்டும், அடிக்கடி ரத்தப் பரிசோதனை வேண்டும், வால்வையும் சரிசெய்ய வேண்டும். இவர் எதுவும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறார்.

மூன்றாம் நாள் காலை ஆறே முக்காலுக்கு வெள்ளவத்தையில் ஆட்டோ பிடித்தேன். கொட்டாஞ்சேனை பக்கம் ஜிந்துப்பிட்டிக்குப் பதினொரு கிலோமீட்டர், ஆயிரத்து இருநூறு ரூபாய், முப்பத்தைந்து நிமிடம். 155 பஸ்ஸிலும் போகலாம், பத்தில் ஒரு பங்குதான் ஆகும், அன்றைக்கு எனக்குப் பொறுமை இல்லை. ஓட்டுநர் தெமட்டகொடைக்காரர், தமிழ் பேசும் முஸ்லிம். “ஒழுங்கைக்குள்ள போக ஏலாது மேடம், கோயிலடியில நிப்பாட்டுறன்” என்றார். முருகன் கோயில் வாசலில் சிவமலரும் துவாரகாவும் நின்றிருந்தார்கள். அங்கிருந்து இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்து.

சந்தனம் மாடியில் ஒற்றை அறையில் இருக்கிறார். நாற்பத்தாறு வயது. அச்சகத்துக்குக் கல்யாண அட்டை மடித்துக் கொடுப்பது தொழில், கட்டில் நிறைய மஞ்சளும் சிவப்புமாக அட்டைகள். துவாரகா கூப்பிட்டதும் கீழே இறங்கி வந்து எங்களை மேலே அழைத்துப் போனார். பதினான்கு படி. ஏறி முடித்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினார். அந்த நிலையிலும் முகமெல்லாம் சிரிப்பு.

அடுத்து அவர் செய்ததை நான் மறக்கவே மாட்டேன். சிவமலரைப் பார்த்ததும், யாரும் ஒரு வார்த்தை சொல்லாமலே, அட்டைகளை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டுச் சட்டைப் பித்தானைக் கழற்றினார். கட்டிலில் ஏறினார்.

“எடப்பக்கம் சரிஞ்சு படுக்கவா டாக்டரம்மா? அப்பத்தான் சத்தம் நல்லாக் கேக்கும்.”

உண்மைதான். இந்த நோயின் ஒலி அப்படிப் படுத்தால்தான் நன்றாகக் கேட்கும். நாங்கள் சொல்லிக் கொடுத்துப் பழக்கியது. அவர் கையைப் பிடித்து நாடி பார்த்தேன். தாறுமாறு. நான்கு அடி ஓடும், ஒன்று தவறும், இரண்டு சேர்ந்தாற்போல விழும். ஒரு நிமிடத்துக்குப் பதிலாக மூன்று நிமிடம் பிடித்துக்கொண்டிருந்தேன், நேராகிவிடாதா என்று.

“ஏன் கிளினிக்குக்குப் போகவில்லை?” என்று கேட்டேன்.

“எதுக்கும்மா? ஆஸ்பத்திரியில முதல்ல துண்டு குடுத்தாங்க, மாசா மாசம் வரச் சொல்லி. அப்புறம் பரீட்சைக்குக் கூப்புட்டாங்க. வருசத்துக்கு ஒரு தடவை முப்பது டாக்டர்மாரு வரிசையா வந்து கொழா வச்சிப் பாக்குறாங்க. பெரிய பெரிய புரொபஸர்மாரு பாக்குறாங்க. கிளினிக்குல ஒரு டாக்டர் ரெண்டு நிமிசம் பாக்குறதவிட இது ஒசத்தி இல்லையா? ஏதாச்சும் கோளாறுன்னா சொல்லியிருப்பாங்களே. யாரும் ஒண்ணும் சொல்லல. அப்ப நல்லாத்தானே இருக்கேன்?”

அவர் மனைவி புஷ்பம் மூலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “படியேற முடியல, ராத்திரியில ரெண்டு தலகாணி வச்சித்தான் தூங்குறாரு. சொன்னா, பெரியவங்க பாக்குறாங்க, நீ வாய மூடுன்னுவாரு. இப்ப சொல்லுங்க, நீங்க பாத்தீங்களா, பாக்கலயா?” என்று எங்கள் இருவரையும் நேராகப் பார்த்துக் கேட்டார்.

பார்த்தோம் என்று சொல்வதா, பார்க்கவில்லை என்று சொல்வதா? சிவமலர்தான், “பிழை எங்கட பக்கம் அம்மா. இப்பவே வைத்தியசாலைக்குப் போவம், உடுப்பு எடுங்கோ” என்றார்.

சந்தனத்துக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் துவாரகாவின் பக்கம் திரும்பினார். “அப்ப அன்னிக்கு நாடி சீரா ஓடுதுன்னு சொல்லுன்னு ஒன் காதுல நான்தானே சொன்னேன்? முன்ன வந்த டாக்டர்மாரு அப்பிடித்தான் பேசிக்கிட்டாங்க. நீ பெயிலானது என்னாலயா பாப்பா?” அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டு அட்டைகளை அடுக்க ஆரம்பித்தாள். ஆட்டோவில் ஏறும்போது அவர் கேட்ட கடைசிக் கேள்வி: “அப்ப அடுத்த மாசப் பரீட்சைக்கு என்னையக் கூப்புட மாட்டீங்களா?” அந்தக் குரலில் இருந்தது ஏமாற்றம்.

பத்து மணிக்குள் அவரை வார்டில் சேர்த்தோம். அன்றே இதய ஸ்கேன். வால்வு மோசமாகச் சுருங்கியிருந்தது, நல்லவேளை இதயத்துக்குள் உறைந்த ரத்தம் இல்லை. இதுவரை அவருக்குப் பக்கவாதம் வராதது வெறும் அதிர்ஷ்டம் என்று இதய மருத்துவர் சொன்னார்.

நான் அதிர்ந்தது அத்தோடு முடிந்திருந்தால் ஓரளவு தேறியிருப்பேன். பிற்பகல் சிவமலர் தேர்வுப் பிரிவிலிருந்து ஒரு கோப்பை எடுத்து வந்தார். தேர்வு நாள் காலையில் இரண்டு தேர்வாளர்கள் ஒவ்வொரு நோயாளியையும் முதலில் பரிசோதித்து, சரியான விடை இதுதான் என்று தாளில் எழுதிக் கையெழுத்திடுவார்கள். மாணவர் சொல்வதை அதோடு ஒப்பிட்டுத்தான் மதிப்பெண். சந்தனத்துக்கு ஆறு தாள்கள். முதல் நான்கிலும் ‘நாடி சீரானது’. ஐந்தாவதில் ‘நாடி சீரற்றது’. ஆறாவதிலும் அதே.

அதாவது, அவருடைய நோய் முற்றியதை நாங்கள் கண்டுபிடித்திருக்கிறோம். மிகச் சரியாகக் கண்டுபிடித்து, விடைத்தாளை மாற்றி எழுதி, கையெழுத்துப் போட்டு, அதைச் சொல்லாத பிள்ளையைப் பெயிலாக்கி, நோயாளிக்குச் சோற்றுப் பார்சலும் பஸ் காசும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறோம். ‘நாங்கள்’ என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையே செய்திருப்பேன்.

ஐந்தாவது தாளின் அடியில் சிவமலர் விரலை வைத்தார். “இது என்ட கையெழுத்து” என்றார். கதிரையில் உட்கார்ந்துவிட்டார். துவாரகா போய் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

நான்காம் நாள் அந்த மண்டபத்தில் நடந்தது சண்டை. தேர்வு மாணவரை அளப்பதற்கு, நோயாளிக்கு வைத்தியம் பார்ப்பதற்கல்ல என்று ஆசிரியர்களில் சிலர் வாதாடினார்கள். போன வாரம் கேட்டிருந்தால் நானும் அந்தக் கட்சிதான். மாணவர்கள் விடவில்லை. கடைசியில் சுவரில் ஒட்டிய தாளில் மூன்று மொழியிலும் எழுதப்பட்டது இவ்வளவு: மூன்றாம் ஆண்டு முதல் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு தேர்வு நோயாளி பொறுப்பு, அவரோடு கிளினிக்குக்கும் போக வேண்டும், வீட்டுக்கும் போக வேண்டும். மூன்று மாதத்துக்குள் முத்திரை விழுந்த கிளினிக் கொப்பி இல்லாதவரைத் தேர்வுக்கு அழைக்கக் கூடாது. விடைத்தாளில் இன்னொரு கட்டம், ‘இதற்காக நான் என்ன செய்தேன்’ என்று. தேர்வாளர் அதை நிரப்பினால்தான் கையெழுத்து. அந்தக் கடைசிக் கட்டத்தைச் சேர்க்கச் சொன்னவர் சிவமலர்.

துவாரகாவின் மதிப்பெண்ணை மறுபரிசீலனை செய்யலாம் என்று ஒருவர் சொன்னபோது அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “வேண்டாம் சேர். நான் நாடி பாக்காமத்தான் சொன்னனான். பெயில் சரிதான்.” கொப்பி வைத்திருந்த மாணவர்கள் அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். கூட்டத்தின் முதல் நாள் என்னைக் கதிரையில் இருக்கச் சொன்ன பையன்தான் முதலில் எழுந்தவன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. வெள்ளவத்தையில் தங்கினால் கடல் பக்கத்து அறை கேளுங்கள், ரயில் சத்தம் இரண்டாம் நாள் பழகிவிடும். காலை ஏழரை முதல் ஒன்பது வரை காலி வீதியில் எங்கும் அவசரமாகப் போக முடியாது. பஸ்ஸுக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், ஆட்டோவில் மீட்டர் போடச் சொல்லுங்கள். இப்படிப்பட்ட பாடத்திட்டக் கூட்டத்துக்குப் போகும் ஆசிரியர்கள் கூடவே ஒருநாள் அதிகம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். மண்டபத்தை விட்டு வெளியே கூட்டிப் போகச் சொல்லி மாணவர்களைக் கேளுங்கள். அவர்கள் உங்களைத் திருத்த ஆரம்பித்தால் முதல் பத்து நிமிடம் எரிச்சலாக இருக்கும், பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். சந்தனம் இப்போது மாத்திரையில் இருக்கிறார், வால்வைச் சரிசெய்யப் பெயர் பதிந்தாகிவிட்டது என்று நேற்று துவாரகா செய்தி அனுப்பினாள்.

இனி, திரும்பிய நாளில் நடந்தது. விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதம். கட்டுநாயக்காவில் உட்கார்ந்தபடியே எங்கள் துறை உதவியாளர் முருகேசனுக்குப் போன் செய்தேன். பதிவேட்டில் உள்ள நாற்பத்தொரு பேருக்கும் போன் போடுங்கள், கடைசியாக எப்போது மருந்து வாங்கினார்கள் என்று கேட்டு எழுதுங்கள் என்றேன்.

“நாப்பதுதான் மேடம். நம்ம ஆபீஸ் காப்பியில பதினேழாம் நம்பர அடிச்சாச்சே.”

“ஏன், என்ன ஆச்சு?”

“அவருதான் தவறிட்டாரே மேடம். போன வருஷம் பரீட்சைக்குக் கூப்பிடப் போன் பண்ணேன், அவரு பொண்ணு எடுத்து அழுதுச்சு. ஒடனே உங்ககிட்ட வந்து சொன்னேனே. நீங்க பேப்பர் திருத்திக்கிட்டு இருந்தீங்க. ‘சரி, வேற நல்ல கேஸ் பாருங்க’ன்னீங்க.”

முருகேசன் பொய் சொல்கிறவர் அல்ல. அப்படிச் சொன்னது எனக்கு ஞாபகமே இல்லை.